கூட்டாளிகளோடு படமெடுக்கப் போகும்போது

வாசகி கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். மிரர்லெஸ் கேமரா வாங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. தனியாகப் போனால் ஓரளவு நல்ல படங்கள் கிடைக்கின்றன. சனிக்கிழமைகளில், சமூக மன்ற வகுப்பில் பழக்கமான ஐந்து கூட்டாளிகளோடு போனால் எல்லாம் கெட்டுவிடுகிறது. பேச்சில் கவனம் போய்விடுகிறது. சில படங்கள் மங்கல், சிலவற்றில் வெளிச்சம் தாறுமாறு. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆறு பேர் படமும் ஒன்றுபோலவே இருக்கிறது. மெர்லயன் பக்கத்துப் பாலத்தில் முக்காலி வைத்து எடுத்த மாலைப் படங்களில் விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. குடும்பத்தோடு போனாலோ, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கணவரும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பிறரோடு போவதையே நிறுத்திவிடலாமா?

பதில்:

நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது போகிற விதத்தை மாற்ற வேண்டும். நீங்கள் எழுதியுள்ள குறைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. பாதியைக் கேமராவிலேயே சரிசெய்துவிடலாம். மீதியைக் கிளம்புமுன் கூட்டாளிகளோடு ஐந்து நிமிடம் பேசி முடிவுசெய்யலாம்.

முதலில் பேச்சு. படமெடுப்பது ஒரே வேலைபோலத் தோன்றினாலும் அது வரிசையாக நடக்கும் ஐந்தாறு வேலைகள். லிட்டில் இந்தியாவில் பஃபலோ சாலைக் கடையோரத்தில் பூமாலை கட்டுகிறவரைப் படமெடுக்க நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பின்னால் தொங்கும் சிவப்பு நெகிழிப்பையை மறைக்க அரை அடி நகர்ந்தாயிற்று. அடுத்து ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா எவ்வளவு நேரம் திறந்து மூடுகிறது என்பதை, பார்க்க வேண்டும். கடையோர நிழலில் அது 1/60 விநாடிக்கு இறங்கியிருக்கும். நார் சுற்றும் விரல்களுக்கு அது போதாது, 1/250 ஆவது வேண்டும். சரியாக அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர், "எந்த லென்ஸ் போட்டிருக்கீங்க?" என்கிறார். கேமரா மார்புக்கு இறங்குகிறது. பதில் சொல்லப் பத்து விநாடிதான் ஆகிறது. மறுபடி கண்ணில் வைக்கும்போது மனம் விட்ட இடத்துக்குத் திரும்புவதில்லை. ஷட்டர் வேகத்தைப் பார்த்தாகிவிட்டது என்ற நினைப்பில் அடுத்த படிக்குத் தாவிவிடுகிறது. பக்கத்தில் ஒருவர் காத்திருக்கிறார் என்ற அவசரமும் சேர, பொத்தானை அழுத்திவிடுகிறீர்கள். முகம் தெளிவாக விழும், விரல்கள் கலங்கிப்போகும்.

அந்தப் பத்து விநாடியில் இன்னும் இரண்டு காரியம் நடந்திருக்கும். மார்பில் தொங்கும் கேமராவின் தொடுதிரை சட்டையில் உரசி, ஃபோகஸ் புள்ளி மூலைக்கு ஓடியிருக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கூட்டிக் குறைக்கும் சக்கரம் கையிலோ இடுப்பிலோ பட்டு ஒன்றிரண்டு நிலை திரும்பியிருக்கும். வெளிச்சம் தாறுமாறாக இருக்கிறது என்றீர்களே, பெரும்பாலும் இதுதான் காரணம். பல கேமராக்களில் அந்தச் சக்கரத்தின் அளவு, கேமராவை அணைத்துத் திறந்தாலும் அப்படியே இருக்கும். தனியாகப் போகும்போதும் இது நடக்கத்தான் செய்யும். ஆனால் அடுத்த படத்திலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். பேச்சுக்கு நடுவே எடுத்தால் முப்பது படம் கழித்துத்தான் தெரியும்.

ஆகவே, குறுக்கீடு வந்தாலும் தாங்குகிற மாதிரி கேமராவை அமைத்துவைக்க வேண்டும். ஒருமுறை உட்கார்ந்து செய்தால் போதும், அரை மணி நேர வேலை. படமெடுக்கும் முறையை மாற்றும் சக்கரத்தில் C1, C2 என்றோ U1, U2 என்றோ இருக்கும் சேமிப்பு நிலைகளைப் பயன்படுத்துங்கள். முதல் நிலையைத் தெருப் படங்களுக்கு ஒதுக்குங்கள்: அப்பெர்ச்சர் முன்னுரிமை (லென்ஸின் துளை அளவை நீங்கள் வைப்பது), அந்த அளவு எஃப் 4 அல்லது 5.6, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தானியங்கி, அதன் உச்ச வரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250, எக்ஸ்போஷர் மாற்றம் பூஜ்யம், ஃபோகஸ் புள்ளி நடுவில். இந்த அமைப்பில் நிழலுக்குள் போனாலும் கேமரா வேகத்தைக் குறைக்காது, ஐஎஸ்ஓவைத்தான் ஏற்றும். படத்தில் கொஞ்சம் மணல் தூவியதுபோல இருந்தால் கணினியில் குறைத்துக்கொள்ளலாம். கலங்கிய விரலை மென்பொருளால் முழுமையாக மீட்பது கடினம். இரண்டாவது நிலையை முக்காலி வேலைக்கு ஒதுக்குங்கள்: மேனுவல், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி அணைப்பில்.

யாராவது பேச்சுக் கொடுத்துக் கேமரா கீழே இறங்கினால், திரும்பக் கண்ணில் வைக்குமுன் அந்த முறைச் சக்கரத்தை ஒரு சொடுக்கு வெளியே திருப்பி மறுபடி C1-க்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் சேமித்த அளவுகள் அப்படியே திரும்பிவிடும். சிலவற்றில், நடுவில் செய்த மாற்றங்களைத் தானாகவே அந்த நிலையில் பதிந்துகொள்ளும் வசதி உண்டு. அதை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் இந்த உத்தியே பலிக்காது. எக்ஸ்போஷர் சக்கரத்தில் அளவுகள் அச்சிட்டிருந்தால் அது சேமிப்பு நிலைக்குக் கட்டுப்படாமல் போகலாம். பூட்டு இருந்தால் பூட்டுங்கள், இல்லையென்றால் அதை மட்டும் கண்ணால் பார்த்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கூடவே மூன்றை அணையுங்கள். தொடுதிரை ஃபோகஸ் ஒன்று. ஃபோகஸ் ஆனதும் வரும் பீப் ஒலி இன்னொன்று. ஆறு கேமரா ஒரே இடத்தில் கத்தினால் எதிரே இருப்பவர் இயல்பாக இருக்க மாட்டார். மூன்றாவது, எடுத்தவுடன் படத்தைக் காட்டும் வசதி. மிரர்லெஸ் கேமராவில் அது கண்பார்வைக் குழலிலேயே வந்து இரண்டு விநாடி எதிரே நடப்பதை மறைத்துவிடும். நல்ல முகபாவம் பெரும்பாலும் முதல் படத்துக்கு அடுத்த நொடியில்தான் வருகிறது.

கேமரா இவ்வளவுதான் செய்யும். மீதியைக் கூட்டாளிகளோடு பேசித்தான் முடிக்க வேண்டும். பேச்சை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதற்குத்தானே பாதிப் பேர் வருகிறார்கள்? அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். சந்தித்ததும் பத்து நிமிடம் பேச்சு. பிறகு 40 நிமிடம் அவரவர் தனியாக. ஒருவரை ஒருவர் கண்டால் தலையசைப்பதோடு சரி. பிறகு குறித்த மேசையில் எல்லாரும் கூடித் தே தாரிக். அதன்பின் மறுபடி 40 நிமிடம். தனியாக என்றால் கண்ணுக்கு எட்டாத தூரம் வேண்டியதில்லை, 15 அல்லது 20 காலடி தூரம் போதும். பேச வேண்டுமென்றால் நடந்து வந்துதான் பேச வேண்டும் என்ற தூரம் இருந்தாலே, அவசியமில்லாத கேள்விகள் மேசைக்குத் தள்ளிப்போய்விடும். லென்ஸ் பற்றிய கேள்வியைப் படமெடுக்கும் இடத்தில் கேட்பதில்லை என்று உங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வகுப்பில் பழகியவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அவர்களுக்கும் இதே தொந்தரவு இருக்கும்.

ஆறு பேர் அதிகம் என்பது என் கருத்து. ஆறு பேர் ஒன்றாக நின்றால் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார், நடைபாதையில் வருகிறவர்கள் தேங்குகிறார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து வெவ்வேறு முனைகளில் தொடங்குங்கள். ஒரு ஜோடி தேக்கா நிலையத்தின் கீழ்த்தளச் சந்தையில், ஒரு ஜோடி மேல்தளத் துணிக்கடைகள், தையல்கடைகள் பக்கம், ஒரு ஜோடி கேம்பல் லேனில். புதியவரைப் பழகியவரோடு சேர்த்துவிடுங்கள். கேள்விகள் ஒரே ஆளிடம் போகும், மற்ற நான்கு பேர் தப்பிப்பார்கள்.

சந்திக்கும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். குளிரூட்டிய கடைத்தொகுதியில் உட்கார்ந்து பேசிவிட்டு வெளியே வந்தால், நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு லென்ஸ் முழுக்கப் பனிபோலப் படியும். துடைத்தாலும் மறுபடி படியும். வெளிக்காற்றின் சூட்டுக்கு லென்ஸ் வர 20 நிமிடம், பெரிய லென்ஸாக இருந்தால் அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஒருவர் துடைப்பார், ஒருவர் காத்திருப்பார், எல்லாரும் பேச உட்கார்ந்துவிடுவார்கள். மின்விசிறி மட்டும் ஓடுகிற உணவங்காடி நிலையத்திலோ புளோக்குக் கீழ்த்தளத்திலோ சந்தியுங்கள். எம்ஆர்டியில் வரும்போது கேமராவைப் பையிலேயே மூடி வைத்திருந்து, வெளியே வந்தபின்னும் சற்று நேரம் பையைத் திறக்காமல் இருங்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சை இந்த நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, ஆறு பேர் படமும் ஒன்றுபோல் இருப்பது. கெர்பாவ் சாலையில் 1900-இல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீட்டின் முன் எந்தக் குழு போனாலும் கவனித்துப் பாருங்கள். முதலில் ஒருவர் ஓர் இடத்தில் நிற்பார். அவர் திரையில் படத்தைக் காட்டியதும் மற்றவர்கள் அதே இடத்துக்கு வருவார்கள். எல்லாரும் நின்ற உயரத்தில், ஏறக்குறைய ஒரே ஜூம் அளவில், ஒரே நிமிடத்தில் எடுப்பார்கள். திரையைக் காட்டியதுமே மற்றவர்கள் தாங்களாகத் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள்; சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே மேசைக்கு வரும்வரை யாரும் யாருக்கும் திரையைக் காட்ட வேண்டாம். வாட்ஸ்அப் குழுவிலும் அதுவரை படம் போட வேண்டாம். நீங்கள் மட்டுமாவது கைப்பேசியை ஒலியடக்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். கிளம்புமுன் ஆளுக்கு ஒரு பொருளைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவருக்குக் கைகள் மட்டும், ஒருவருக்கு நிழல், ஒருவருக்கு எழுத்துப் பலகைகள், ஒருவருக்குச் சாலையைக் கடக்கிறவர்கள். லென்ஸும் ஆளுக்கு ஒரே குவியநீளம், அதாவது ஒரே ஜூம் அளவு. ஜூம் வைத்திருப்பவர் 35 மி.மீ.யிலோ 50 மி.மீ.யிலோ நிறுத்தி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடலாம். நீங்கள் கைகளைத் தேடும்போது பக்கத்தில் இருப்பவர் வண்ணச் சன்னல்களைப் பார்த்து வியந்தாலும் உங்கள் கண் அங்கே ஓடாது. மேசையில் ஆளுக்கு மூன்று படம் மட்டும் காட்டுங்கள். மூன்று என்றால் எதை விடுவது என்று யோசித்தே ஆக வேண்டும். அப்போதுதான் பேச்சும் படத்தைப் பற்றியதாக இருக்கும்.

இனிப் பாலத்துப் படங்கள். விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் முக்காலியோடு சேர்ந்து பாலமே ஆடியிருக்கிறது. மெர்லயன் பூங்காவையும் எஸ்பிளனேட் பக்கத்தையும் இணைக்கும் ஜூபிலி பாலம் நடப்பவர்களுக்கானது. மாலையில் அதில் கூட்டம் ஓய்வதில்லை. ஒவ்வொருவரின் காலடி அதிர்வும் பாலத்தின் தளம் வழியாக முக்காலிக் கால்களுக்கு வரும். 8 விநாடித் திறப்பில் அந்த அதிர்வு முழுவதும் பதிவாகும். உங்கள் கூட்டாளிகள் ஐவரும் பக்கத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பேசியிருந்தால் சொல்லவே வேண்டாம். விலையுயர்ந்த முக்காலி வாங்கினாலும் இது தீராது.

முதல் வழி, பாலத்தைவிட்டு இறங்கித் தரையில் முக்காலியை வைப்பது. மெர்லயன் பூங்காப் படிக்கட்டுகளிலும் எஸ்பிளனேட் நீர்முனையிலும் தரை உறுதியாக இருக்கும். பாலத்திலிருந்துதான் எடுக்க வேண்டுமென்றால் திறப்பு நேரத்தைச் சுருக்குங்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 8 விநாடி என்பதை எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800 ஆக்கினால் அரை விநாடி போதும். ஆட்கள் சற்று விலகும் இடைவெளியில் தொடர்ந்து பத்துப் படம் எடுத்தால் இரண்டு மூன்று கூர்மையாக விழும். நீர் கண்ணாடிபோல வழவழப்பாக வராது, ஆனால் விளக்குகள் ஒற்றையாக இருக்கும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள் அல்லது சுற்றிக் கட்டுங்கள். காற்றில் அது ஆடினாலும் படம் கெடும்.

அருகருகே முக்காலி வைத்தால் வேறு தொல்லைகளும் உண்டு. பக்கத்துக் கேமராவின் ஃபோகஸ் உதவி விளக்கு பளிச்சென்று முன்னால் உள்ள கைப்பிடியில் விழும். ஒருவர் டார்ச் அடித்துப் பையில் எதையோ தேடுவார். இன்னொருவர் கால் உங்கள் முக்காலியில் இடறும். எல்லாரும் உதவி விளக்கை அணைத்துக்கொள்ளுங்கள், முக்காலிகளுக்கு நடுவே ஒரு கை நீளம் இடைவெளி விடுங்கள், ஒரு காலை முன்பக்கமாகக் கைப்பிடியை நோக்கித் திருப்பி வையுங்கள். நடைபாதைப் பக்கம் நீட்டிய காலைத்தான் யாராவது இடறுவார்கள்.

நேரக் கணக்கும் முக்கியம். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் இங்கே சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக இறங்குகிறது. ஆண்டு முழுவதும் மறைவு 6:50-க்கும் 7:20-க்கும் இடையில்தான். மறைந்து பத்து நிமிடம் கழித்து வானம் நல்ல நீலமாகி, அடுத்த பதினைந்து நிமிடத்துக்குள் கறுத்துவிடும். பேச்சில் போகும் ஐந்து நிமிடம் இங்கே மூன்றில் ஒரு பங்கு. 6:30-க்கே இடம் பிடித்து, சட்டகத்தை அமைத்து, ஃபோகஸைக் கையால் பூட்டிவிட்டு அதன்பின் பேசுங்கள். மறைவுக்குப் பத்து நிமிடம் கழித்து அடிக்கிற மாதிரி கைப்பேசியில் ஓர் அதிர்வு அலாரம் வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது அடித்ததும் பேச்சு நிற்கட்டும்.

சில இடங்களுக்குக் குழுவாகப் போகவே வேண்டாம் என்பேன். சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் வலசைப் பறவைகள் வரும் செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில், மறைவிடத்தில் ஒருவர் குரல் உயர்ந்தாலும் அருகில் உள்ளவை நகர்ந்துவிடும். பீஷானில் நீர்நாய்க் குடும்பம் கரையேறும்போது ஆறு லென்ஸ் அரைவட்டமாக நின்றால் அவை தண்ணீருக்குத் திரும்பும் வழி அடைபடும். இங்கெல்லாம் ஒருவர் அல்லது இருவர் போதும். தைப்பூசத்திலும் அப்படியே. பெருமாள் கோவிலில் காவடி ஏந்துபவரைச் சுற்றி அவர் குடும்பத்தார் நிற்க வேண்டிய இடத்தை நாம் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஃபிளாஷ் இல்லாமல், எட்ட நின்று, 85 அல்லது 135 மி.மீ. லென்ஸில் எடுங்கள். ஓசை வராத எலக்ட்ரானிக் ஷட்டரை அங்கே நம்ப வேண்டாம். எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே கோடு கோடாக விழக்கூடும். மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.

கடைசியாகக் குடும்பம். இங்கே என் பதில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிற நாளை உங்கள் படமெடுக்கும் நாளாகக் கணக்கிடாதீர்கள். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் எப்போது முடிப்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரே சிறிய லென்ஸ், முக்காலி இல்லை, பெரிய பை இல்லை. போய்ச் சேர்ந்த முதல் பத்து நிமிடத்தில் அவர்களையே எடுங்கள்: மூவரையும் சேர்த்து, தனித்தனியாக, யாரிடமாவது கேமராவைக் கொடுத்து உங்களையும் சேர்த்து. அப்போது பிள்ளைகள் வியர்த்திருக்க மாட்டார்கள், களைத்திருக்க மாட்டார்கள், நல்ல முகம் கிடைக்கும். பிறகு "அம்மா போட்டோ எடுக்கலையே" என்ற பேச்சும் வராது.

அதற்குப்பின் உங்களுக்கென்று ஒரே ஒரு 15 நிமிடம் கேளுங்கள், முடியும் நேரத்தைக் கடிகாரத்தில் சொல்லுங்கள், அந்த நேரத்தில் கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள். இரண்டு தடவை சொன்னபடி முடித்தால் மூன்றாவது தடவை கேட்க மாட்டார்கள். அவர்களுக்கும் ஏதாவது நடக்கிற நேரமாகப் பார்த்து அந்த 15 நிமிடத்தை வைத்துக்கொள்வது நல்லது. கரையோரப் பூந்தோட்டங்களில் பெருமரங்கள் எனப்படும் செயற்கை மரங்களின் ஒளி, இசை நிகழ்ச்சி வழக்கமாக இரவு 7:45-க்கும் 8:45-க்கும் நடக்கும். கணவரும் பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் தாராளமாக எடுக்கலாம். பிப்ரவரியில் சூரியன் 7:20 வாக்கில் மறைவதால் 7:45-க்கும் வானத்தில் நீலத்தின் கடைசிச் சாயல் மிச்சமிருக்கும். நவம்பரில் 6:50-க்கே மறைந்துவிடும், 7:45-க்குக் கறுப்புதான். ஆகவே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போவதாக இருந்தால் பிப்ரவரியில் போங்கள். முக்காலி இல்லாததால் எஃப் 2.8, 1/60, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கி, விளக்குகள் வெளுத்துப்போனால் வேகத்தை 1/125-க்கு ஏற்றுங்கள்.

இந்தச் சனிக்கிழமைக்கு எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய முயல வேண்டாம். வெள்ளி இரவே C1-ஐ அமைத்துவிடுங்கள். காலையில் தேக்காவில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசையில் கூடி, 40 நிமிடக் கணக்கை மட்டும் கூட்டாளிகளிடம் சொல்லுங்கள். பொருள் பிரிப்பதையும் டேப் ஒட்டுவதையும் அதற்கு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.